ரைட் எடுக்காமல் ஒரு ரவுண்டு

போன ஞாயிறு காலை ஒரு ஆளைத் தொலைத்துவிட்டேன்.

சேலையூரில் இருந்து கிளம்பும் எங்கள் சைக்கிள் குழுவுக்கு ரூட் போடுவது என் வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவன் நான். எதையும் கட்டம் போட்டு எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை! பச்சை ரூட் ஆறு கிலோமீட்டர், புதியவர்களுக்கு. மஞ்சள் பதினைந்து. சிவப்பு நாற்பது, தொடையில் தெம்புள்ளவர்களுக்கு. தூரம் குறைந்தால் சுலபம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பச்சைக்குக் கோமதி அக்கா வந்தார். நாற்பத்து மூன்று வயது. சைக்கிள் கற்றுக்கொண்டு இரண்டே மாதம்.

"நாளையிலேர்ந்து சிட்லபாக்கத்துல ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல வேலை தம்பி. சைக்கிள்லயே போயிடணும்னு ஆசை. வீட்டுக்காரர் வேணாம்ங்கிறார். இன்னிக்கு ஒழுங்கா ஓட்டிட்டா போவேன். இல்லேன்னா ஷேர் ஆட்டோதான்."

ராஜகீழ்ப்பாக்கத்தில் ரைட் எடுத்து, மாடம்பாக்கம் ஏரி வரை போய்த் திரும்ப வேண்டும். ஏரிக்கரையில் தலைகளை எண்ணினேன்... அக்கா இல்லை!

போன் அடித்தேன். நண்பன் தினேஷின் முதுகுப்பையில் மணி ஒலித்தது. "மச்சான், அவங்க ஹேண்ட்பேக் என்கிட்ட கீதுடா!"

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு விரைந்தோம். ராஜகீழ்ப்பாக்கம் டீக்கடைக்காரர் சொன்னார்: "மஞ்ச சுடிதாரா? நேரா போய்க்கினே இருந்துச்சுப்பா. நிக்கவே இல்ல."

நேராகவா? பஸ்ஸும் தண்ணி லாரியும் உரசிக்கொண்டு போகும் ரோடு அது. செம்பாக்கம் வரை பார்த்தோம். காணோம். அவர் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது?

சேலையூருக்கே திரும்பினால் — அக்கா நிழலில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

"எங்கக்கா போனீங்க?"

"ரைட் எடுக்கணும்னா வலது கையை நீட்டணும்ல? அந்தக் கை ஹேண்டில்பாரை விட்டு வரவே மாட்டேங்குது. பின்னாடி வேற திரும்பிப் பாக்கணும். சரி, ரைட்டே வேணாம்னு விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"லெஃப்ட் வந்தா லெஃப்ட். லெஃப்ட்லயே திரும்பினா கிளம்பின இடத்துக்கு வந்துதானே ஆகணும்?"

செம்பாக்கத்தில் லெஃப்ட். அஸ்தினாபுரம் பக்கம் லெஃப்ட். சிட்லபாக்கத்தில் லெஃப்ட். நடுவில் தன் ஸ்கூல் கேட்டையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். போனில் அளந்தேன்... கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர். தனியாக!

இந்த ரோடுகளில் எத்தனை வருடமாக ஓட்டுகிறேன்! வலது திருப்பங்களை ஒரு நாளாவது எண்ணியிருக்கிறேனா? மேப்பில் எல்லாத் திருப்பமும் ஒரே நீலக் கோடுதான். எதிரே வரும் பஸ் அதில் தெரியாதே. முழங்கைக்குள் பயத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பயத்துக்கு ஏற்ற ஊரையே ஒரு மனுஷி வரைந்துவிட்டார்.

திங்கட்கிழமை அக்கா சைக்கிளில்தான் வேலைக்குப் போனார். லெஃப்டிலேயே திரும்புவதால் போகும்போது சுற்று, வரும்போது கிட்டம்.

பச்சை ரூட்டை நானும் மாற்றிவிட்டேன். ரைட் — பூஜ்ஜியம். தினேஷ் சிரிக்கிறான். "ராகு கேதுவுக்குத்தான்டா இப்படி இடப்பக்கமா சுத்துவாங்க!"

புதன்கிழமை அக்காவிடம் இருந்து போன். "தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு ரைட் வை. சாதுவானதா பாத்து வை."

மூன்று நாளாகத் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பக்கம் சாதுவான வலது திருப்பம் ஒன்று இருந்தால்... சொல்லுங்களேன்!