கேமராவுக்குப் பின்னால் யார்?

வகுப்பில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'மியூட்'. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு பாட்டுக்கு வீடியோ எடுக்க வேண்டும். அவளுடைய குழுவில் நான்கு பேர், பேருக்குத்தான். படப்பிடிப்பு அன்று ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அவளே கேமராவை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, ஓடிப்போய் மொட்டைமாடிச் சுவரோரம் நின்று நடித்தாள்.

வகுப்பில் திரையிட்டதும் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

"பாட்டு முழுக்கக் கேமராவுக்குப் பின்னாடியே பார்க்கிறியே, அங்க யாரு நிக்கிறா?"

"சொல்லவே இல்ல பாத்தியா!" என்றது இன்னொரு குரல். ஒரே சிரிப்பு.

ஆசிரியரும் விடவில்லை. "பார்க்கிறவங்க கேக்கிறது நியாயம்தானேம்மா? அது யாருன்னு கடைசியில காட்டிடு."

கேமரா ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று சொல்ல ஆள் இல்லாததால், அதன் தலையில் எரியும் சிவப்பு விளக்கைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவள் சொல்லவில்லை. மறுபடி மாடிக்குப் போய், தான் நின்ற இடத்திலிருந்து செல்போனில் ஒரு ஷாட் எடுத்துக் கடைசியில் ஒட்டினாள்.

அடுத்த வாரம் திரையில் அது வந்தது. ஸ்டாண்டில் கேமரா, அதற்குப் பின்னால் வெறும் மாடி.

யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய குழுவில் ஒருத்தி மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "எங்களக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டேனே."

அடுத்த குழுவின் வீடியோவைப் போட்டார்கள்.