செல்வராசாவின் ஸ்கான்

சி.ரி. ஸ்கான் அறைக்குப் புதிதாக வரும் ரேடியோகிராபர்மார் என்னிடம் கேட்பது, "அக்கா, படத்தைக் கிளவுட்டில ஏத்தினா எங்கட வேலை முடிஞ்சுதுதானே?" என்றுதான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்கான் மெஷின் உண்டு. மூளைச் சத்திரசிகிச்சை டொக்டர் இல்லை. நாங்கள் கிளவுட்டில் ஏற்றும் படத்தைப் பெரிய ஆஸ்பத்திரி டொக்டர் அங்கிருந்தே பார்த்து, ஆளை அனுப்புவதா வைத்திருப்பதா என்று சொல்லுவார்.

அன்று மத்தியானம் மாங்குளத்துக்குக் கிட்ட மோட்டார் சைக்கிளில் மாட்டோடு மோதிய தகப்பனையும் மகனையும் கொண்டுவந்தார்கள். தகப்பன் முருகேசு செல்வராசா, மகன் செல்வராசா கஜன். இருவருக்கும் தலை ஸ்கான் எடுத்தேன். மகனுடையதில் ஒன்றுமில்லை. தகப்பனுடையதில் இடப்பக்கம் இரத்தக்கசிவு இருப்பதுபோல் தெரிந்தது. ஆனால் படத்துக்கு முடிவு சொல்வது என் வேலையல்ல.

அப்லோட் முடிய முக்கால் மணித்தியாலம் எடுத்தது. வீட்டில் ஒன்பது மாதப் பிள்ளைக்குக் காய்ச்சல். கணவர் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார்.

வார்ட் டொக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொன்னார்: "செல்வராசாவின்ர படம் போட்டிருக்கிறம், பாருங்கோ." பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "படம் நல்லாயிருக்கு. அங்கயே வைச்சுப் பாருங்கோ."

செல்வராசாவின் மனைவி கதவடியில் நின்றார். "அனுப்பத் தேவையில்லையாம் மிஸ். அப்ப பயமில்லைத்தானே?"

"டொக்டர் சொன்னாச் சரியம்மா."

பக்கத்தில் கையில் கட்டோடு இருந்த மகன் சொன்னான்: "அம்மா, அந்த மாட்டையும் ஒருக்கா ஸ்கான் பண்ணச் சொல்லுங்கோ. அதுதான் நொண்டிக்கொண்டு போனது."

டியூட்டி முடிந்து பையைத் தோளில் போட்டேன். வாசலில் நின்றுவிட்டேன். நான் கண்டது கசிவுதானா? ஆள் தலையை அசைத்ததால் விழுந்த நிழலா? பெரிய டொக்டர் சொன்ன பிறகு நான் யார் கேட்க? இப்படியே இருபது நிமிடம் நின்றேன். பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி டொக்டருக்குப் போன் எடுத்தேன்.

"டொக்டர், குறை நினையாதேங்கோ. நீங்கள் பார்த்த படத்தில வயசு எத்தனை?"

"பத்தொன்பது. ஏன் மிஸ்?"

"அது மகன். தகப்பன் செல்வராசாவுக்கு நாற்பத்தெட்டு, டொக்டர்."

மௌஸ் தட்டும் சத்தம் கேட்டது. "உடன அம்புலன்சில ஏத்துங்கோ. பேரை ஒழுங்காப் போடத் தெரியாதோ உங்களுக்கு?"

பிழை என்னுடையதுதான். நாங்கள் தகப்பன் பெயரை முன்னால் எழுதுகிறோம். நான் அந்த ஒழுங்கிலேயே கணினியில் பெயருக்குள்ள இரண்டு கட்டங்களையும் நிரப்பினேன். அங்குள்ள பட்டியலில் முதல் கட்டம் மட்டும்தான் தெரியும். அதில் மகன் செல்வராசாவாகவும் தகப்பன் முருகேசுவாகவும் நின்றார்கள். அந்த டொக்டர் செல்வராசாவைத் தேடி மகனின் படத்தைத் திறந்திருக்கிறார்.

அன்றே ஒப்பரேசன் நடந்தது. ஆள் உயிர் தப்பிவிட்டார். ஆனால் திரும்ப ஸ்கானுக்கு வந்தபோது வலது கையால் கட்டிலைப் பிடித்து ஏற முடியவில்லை. இருபது நிமிடம் முந்தியிருந்தால் கை சரிவந்திருக்குமா என்று பிறகொரு நாள் அந்த டொக்டரிடமே கேட்டேன். "அதை ஒருத்தராலயும் சொல்லேலாது மிஸ்," என்றார்.

ஆகவே படம் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள டொக்டருக்குப் போன் எடுங்கள். அவர் திறந்திருக்கும் படத்தின் வயதையும் ஸ்கான் இலக்கத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். ஏசுவார்கள். நான் இன்றும் ஏச்சு வாங்கிக்கொண்டுதான் கேட்கிறேன்.