கோழிக்குக் கிடைத்த ஸ்டூடியோ பின்னணி

மனைவியின் முகத்துக்காக உருவாக்கிய பின்னணியில், மைத்துனருக்குப் பயந்து கோழியை உட்கார வைத்தவன் நான்.

செம்பட்டியில் அவள் பிரியாணிக் கடை திறக்க இருந்தாள். போர்டில் தன் படம் வேண்டும் என்றாள். எங்கள் குளியலறைச் சுவரின் ஈரக்கறையைப் படம்பிடித்து, போட்டோஷாப்பில் சாம்பல் நிறத்தோடு மங்கலாகக் கலந்து, ஓரங்களை இருட்டாக்கினேன். பெரிய ஸ்டூடியோக்களில் தொங்கும் திரை போலவே ஆகிவிட்டது. அதன் முன்னால் அவளை வைத்ததும், இத்தனை வருடம் இந்த முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லையோ என்று தோன்றியது.

அவள் அண்ணன் வந்து பார்த்தார். "பொம்பள படத்த ரோட்டுல மாட்டுறதா? கோழியப் போடுங்க மாப்ள."

போட்டேன். கோழி கம்பீரமாகத்தான் இருந்தது.

அவள் வந்து அதைப் பார்த்தாள். "ஏண்ணே, கோழியா சமைக்கப் போகுது?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க அழிக்கிறீகளா, நான் அழிக்கவா?"

நானே அழித்தேன். ஒரு சுருக்கத்தைக்கூடத் திருத்தாமல் அவளை மறுபடி வைத்தேன். மைத்துனர் விருட்டென்று கிளம்பினார். முதன்முறையாக நான் வாசல்வரை போகவில்லை. என் வீரம் அவ்வளவுதான். ஆனால் யார் சொன்னாலும் அந்த போர்டை இனி இறக்க மாட்டேன்.

கடை திறந்த அன்று, எந்த ஸ்டூடியோவில் எடுத்தது என்று ஒருவர் விசாரித்தார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"எங்க வீட்டு பாத்ரூம் செவருங்க அது. இனியாச்சும் வெள்ளையடிக்கச் சொல்லுங்க இவுகள."