முசிரியில் மழை இல்லை

அந்த ரேடியோவுக்கு ஒரு பச்சைக் கண் இருந்தது. நிலையம் சரியாகப் பிடித்தால் கண் சுருங்கும். நழுவினால் அகல விரியும். டீமேக்கர் ஐயா அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். முதலில் சீறல், பிறகு யாரோ ஒரு சீனர், பிறகு தேவாலய மணி, அப்புறம்தான் கடலைத் தாண்டித் திருச்சி வரும். இன்று என் மேசையில் கிடக்கும் டிரான்சிஸ்டர் சவர்க்காரக் கட்டியைவிடச் சற்றுப் பெரியது. எல்லா நாட்டையும் எளிதாகப் பிடிக்கிறது. நான் எதையும் கேட்பதில்லை.

இலங்கை மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் அப்போது பள்ளிக்கூட மாஸ்டர். அரும்பு மீசையும், நிறையப் படித்தவன் என்ற எண்ணமும் இருந்தன. மீசை நரைத்துவிட்டது, எண்ணம் உதிர்ந்துவிட்டது. டீமேக்கர் ஐயா தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பானவர். கொழுந்து வாடியதா, உருட்டலாமா, உலர்த்தலாமா என்பதையெல்லாம் அவர் மூக்குத்தான் தீர்மானிக்கும். அவருடைய குவாட்டர்ஸுக்குத் தொழிற்சாலையின் தண்ணீர் டர்பைனிலிருந்தே மின்சாரம் வந்தது. அதில் ஒரு சிக்கல். உருட்டும் மெஷினைத் தட்டிவிட்டால் திருச்சி அறிவிப்பாளரின் குரல் சாமியாடி மலையேறுகிறவரைப் போல இழுத்துக்கொண்டு போகும். ஆகவே மாலையில் விவசாய நிகழ்ச்சி முடியும்வரை எங்கள் தோட்டத்தில் கொழுந்து உருட்டுவதில்லை. எங்கள் தேயிலை லண்டன் சந்தையில் ஏன் ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை என்று தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெரிய துரை கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

துரைக்கும் நேரமில்லை. அவர் பங்களாவிலும் ரேடியோ இருந்தது. இரண்டு டர்பன்டைன் மரங்களுக்கு நடுவே கட்டிய கம்பி வழியாக அவர் லண்டனைப் பிடித்தார். லண்டனில் மூடுபனி என்று கேட்டுப் பெருமூச்சு விடுவாராம். பங்களாவில் சமைக்கும் அப்பு வந்து சொல்வான். ஜன்னலுக்கு வெளியே எங்கள் மூடுபனி வாசற்படிவரை வந்து நிற்கும். அதைப் பார்த்து அவர் ஒருநாளும் பெருமூச்சு விட்டதில்லை. மலைக்கு மேலே ஒரு கம்பி மேற்கே பார்த்தது, கீழே ஒரு கம்பி வடக்கே பார்த்தது. அந்த மலையில் பெய்த மழையைப் பற்றிப் பேச ஆளில்லை.

விவசாய நிகழ்ச்சி தொடங்கும்போது தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து ஆட்கள் வந்து டீமேக்கர் ஐயா வீட்டு வாசலுக்குக் கீழே நிற்பார்கள். உத்தியோகத்தர் வீட்டு வராந்தாவில் தொழிலாளி ஏறக்கூடாது என்பது அன்றைய சட்டம். அதனால் ஐயா ரேடியோவைத் தூக்கி ஜன்னலில் வைத்தார். கொட்டும் மழையில் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு அவர்கள் கேட்டது, திருச்சி மாவட்டத்தில் மழை இல்லாத செய்தியை.

"இந்த வருஷமும் ஏமாத்திருச்சுங்களே ஐயா," என்பார் கங்காணி, தாடியிலிருந்து நீர் சொட்ட.

"முசிரிப் பக்கம் ஒரு பொட்டுக்கூட இல்லையாம்ப்பா. துறையூர்ல மட்டும் லேசா தூறியிருக்கு."

"நாத்து என்னத்துக்கு ஆகும்? கருகிப் போயிருமுங்க."

"இங்க பெய்யிறதுல பாதிய அங்க அனுப்ப வழியில்ல, பாரு," என்பார் ஐயா. எல்லாரும் உச்சுக்கொட்டுவார்கள். அவர்களில் ஒருவருக்கும் அங்கே ஒரு குழி நிலம் கிடையாது. ஐயா முசிரியைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அவருடைய அப்பா அங்கிருந்து நடந்து வந்தவர், அவ்வளவுதான். ஆனாலும் கத்தரிக்காய் விலை இறங்கியது என்று சொன்னால் ஐயாவின் முகம் வாடும். நான் அதைப் பார்த்து மனதுக்குள் சிரித்தேன். சிரிப்பதற்கு எனக்குச் சம்பளம் தரவில்லை, இனாமாகவே செய்தேன்.

ஐயாவுக்கு ஓர் ஆசை இருந்தது. உத்தியோகம் முடிந்தால் குவாட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும். கினிகத்தேனையில் ரோட்டோரமாக ஒரு துண்டு நிலம் பார்த்து வைத்திருந்தார். நாலு மிளகுக்கொடி, பின்னால் ஒரு மாடு, முன்னால் மல்லிகை என்று வீட்டை மனதுக்குள் கட்டிக் குடியும் போய்விட்டார். அதற்குப் பிரஜாவுரிமை வேண்டும். இலங்கைக்குச் சுதந்திரம் வந்ததும் எங்கள் வாக்கும் நாடும் ஒரே வீச்சில் பறிபோன பிறகு, மனுப் போட்டு, விசாரணைக்குப் போய், 'நான் இந்த ஊர்க்காரன்தான்' என்று நிரூபித்தால் ஒருவேளை கிடைக்கும் என்றிருந்த காலம். ஐயாவும் போட்டார், நானும் போட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் விசாரணை வந்தது.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். அதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை சுலபமாகப் போயிருக்கும். கடைவீதியில் பழகிய தமிழை இயல்பாகப் பேசினார். ஐயா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். என் முறைக்காக நான் சுவரோரம் பெஞ்சில் காத்திருந்தேன்.

"இந்தியாவுல காணி பூமி இருக்கா?"

"இல்லீங்க."

"போய் வந்தது?"

"பொறந்ததே இங்கதாங்க. கப்பலக்கூடப் பாத்ததில்லீங்க."

அதிகாரி சிரித்தார். பேனாவை மூடினார். எல்லாம் முடிந்துவிட்டது, எழுந்து வணக்கம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அப்போது அவர், விருந்தாளியை வழியனுப்புகிறவர் கேட்பதைப் போல, "அப்பா ஊர் முசிரின்னு போட்டிருக்கு. அந்தப் பக்கமெல்லாம் இப்ப எப்படியாம்?" என்று கேட்டார்.

ஐயாவின் முகம் மலர்ந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அத ஏங்க கேக்குறீங்க! வாய்க்கால்ல தண்ணி எட்டலீங்க. எங்க பக்கத்துல இந்த வருஷம் ஒரு போகந்தான். வாழையாவது தப்பிக்கும்னு பாத்தா, போன வாரம் காத்தடிச்சு அதையும் சாச்சுப்புடுச்சு."

"போன வாரமா?"

"ஆமாங்க. வெள்ளிக்கெழம."

"யார் சொன்னாங்க?"

"ரேடியோவுலதாங்க! திருச்சி நல்லா எடுக்குமுங்க நம்ம வீட்டுல. ஒருநாள் விட்டதில்ல."

அதிகாரி மறுபடி பேனாவைத் திறந்தார். வருத்தத்தோடு திறந்தார் என்றே இன்றும் நினைக்கிறேன். ஐயா வாழையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னார்.

அடுத்து நான். என்னிடமும் அதையேதான் கேட்டார்: தாத்தாவின் ஊர் எப்படி, மழை எப்படி. "தெரியாதுங்க," என்றேன். சாமர்த்தியமல்ல, உண்மையிலேயே தெரியாது. அந்த ஊரின் பெயரையே அன்று காலையில்தான் அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போயிருந்தேன். எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. என் வாழ்நாளில் அறியாமைக்காக நான் வாங்கிய பரிசு அது ஒன்றுதான். அறிவுக்காக இதுவரை எதுவும் வரவில்லை. இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் ஐயாவுக்கு இருப்பதாகத் தெரியவில்லை என்று அவர் மனுவைத் தள்ளிவிட்டார்கள். பங்களாவில் துரை அன்று மாலையும் லண்டனைக் கேட்டார். அவர் எண்ணம் என்னவென்று யாரும் விசாரிக்கவில்லை.

விவசாய நிகழ்ச்சி நேரத்தில் இப்போது உருட்டும் மெஷின் ஓடியது. தேயிலையின் தரம் உயர்ந்தது. துரை ஐயாவைப் பாராட்டினார். கீழே வாசலில் கொஞ்ச நாள் வந்து நின்று பார்த்த கங்காணியும் மற்றவர்களும் பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள். சில வருடங்கள் கழித்து ஐயாவின் உத்தியோகம் முடிந்தது. குவாட்டர்ஸை ஒப்படைத்தார். தங்க அனுமதி கிடைக்கவில்லை. மனைவியோடு கப்பலேறினார். கினிகத்தேனையில் அந்த நிலத்தில் வேறு யாரோ சைக்கிள் கடை போட்டார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கல்யாணத்துக்காக நான் திருச்சிக்குப் போனேன். ஐயா அங்கே ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. "சிலோன்காரர் வீடுன்னு கேட்டீங்களா மாஸ்டர்?" என்றார் அவர் மனைவி. "அப்பிடிக் கேட்டாத்தான் தபால்காரனுக்கே தெரியும். அங்க இருந்தப்ப இந்தியாக்காரங்கன்னாங்க. எங்க போனாலும் நாங்க பக்கத்து நாடுதான்."

ஐயா சிரித்தார். மெலிந்திருந்தார். மில்லைப் பற்றி, என் பிள்ளைகளைப் பற்றி, கல்யாணச் சாப்பாட்டைப் பற்றியெல்லாம் கேட்டார். தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கம் இந்த வருசம் நல்ல மழைங்க," என்றேன்.

"அப்பிடிங்களா," என்றார். "காப்பி ஆறுது மாஸ்டர், குடிங்க."

அப்போது அடுத்த வீட்டில் யாரோ ரேடியோவைப் போட்டார்கள். சீறல் கேட்டது, விலகியது, பிறகு கொழும்பு நிலையம் கணீரென்று வந்தது. திருச்சியில் அந்நாளில் சினிமாப் பாட்டுக்கு எல்லா வீட்டிலும் கொழும்புதான். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் நேரம் சொன்னார். மலைநாட்டில் மாலையில் மழை பெய்யக்கூடும் என்று தொடங்கினார்.

ஐயா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். கொக்கியையும் மாட்டினார். சித்திரை மாதத்து வெயில். அந்த அறையில் வேறு ஜன்னல் கிடையாது. அவர் மனைவி ஒரு பனையோலை விசிறியை எடுத்து என்னிடம் கொடுத்தார்.