பதினான்கு ஊசி

என் அண்ணனை நாய் கடித்தது ஒரு திங்கட்கிழமை காலையில். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலைக்கு எங்கள் ராயபுரம் வீட்டிலிருந்து கிளம்பியவன், தெருமுனையிலிருந்தே கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். நாயைத் தெருக்காரர்கள் அடித்துக் கொன்று கடலில் எறிந்துவிட்டார்கள். அதற்கு வெறி பிடித்திருந்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் போயிற்று.

அப்போது டிராம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணியும் நானும் அவனைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். தினம் ஒன்றாகப் பதினான்கு ஊசி, அதுவும் வயிற்றில், என்றார் டாக்டர். ஆறு நாள் போனான். வயிறு தடித்து, லுங்கியை இறுக்கிக் கட்ட முடியவில்லை. ஏழாம் நாள் கப்பல் வந்துவிட்டது.

“காயமே ஆறிப்போச்சு. இன்னாத்துக்கு இன்னும் குத்திகினு கீறது?” என்றான்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவள். அந்த ஊசியைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரரின் பாடம் வருஷா வருஷம் வரும். கண்ணுக்கே தெரியாத விஷத்தை முயலின் தண்டுவடத்தில் வளர்த்து, உலர வைத்து, வீரியத்தைக் குறைத்து, அதையே மருந்தாக்கியவர். நாய் கடித்த ஒரு பையனுக்கு அதை நாள் தவறாமல் போட்டுப் பிழைக்க வைத்தார். ‘நாள் தவறாமல்’ என்பதை வகுப்பு முழுவதையும் சேர்ந்து சொல்ல வைப்பேன்.

அண்ணனிடமும் சொன்னேன். “காயம் ஆறுனா ஆச்சாண்ணே? விஷம் நரம்பு வழியா மெதுவா மூளைக்கு ஏறும்.”

“சரிங்க டீச்சரம்மா,” என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போனான்.

ஒரு தடவைதான் சொன்னேன். ஆறு ஊசியே போதுமாயிருக்கும் என்று எனக்கும் உள்ளூர ஒரு நினைப்பு. திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களும் கிடந்தன.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில் டீ டம்ளரை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே கீழே போட்டான். தொண்டை இழுத்துக்கொண்டது. அண்ணி தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பைப் பார்த்ததுமே அவன் உடம்பு உதறியது.

“இன்னாமே ஆவுது எனக்கு?” என்று என்னைத்தான் கேட்டான். எனக்குத் தெரியும். வண்டி கூப்பிடத் தெருவுக்கு ஓடினேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான். கடைசி நாள்வரை அவனுக்கு எங்களை அடையாளம் தெரிந்தது. வருமுன் தடுக்கத்தான் ஊசி, வந்த பிறகு மருந்தே கிடையாது என்று டாக்டர் சொன்னபோது அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அவன் எச்சில் எங்கள் கைகளில் பட்டிருந்ததால் எங்கள் இருவருக்கும் பதினான்கு ஊசி. துக்கம் விசாரிக்க வந்தவர்களை வீட்டில் உட்கார வைத்துவிட்டு தினமும் டிராம் ஏறினோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் எண்ணூரிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வந்தவர்கள் வரிசையாக நிற்பார்கள். எங்கோ ஒரு மனிதர் முயல்களோடு மல்லாடியதில், அவர் செத்து இத்தனை காலத்துக்குப் பிறகும், இவர்களெல்லாம் உயிரோடு வீடு திரும்புகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

பதினோராம் நாள் எனக்குக் காய்ச்சல். “இன்னிக்கு வேணாம் அண்ணி,” என்று படுத்துக்கொண்டேன்.

அண்ணி என் கையைப் பிடித்துத் தூக்கினாள். “அவரையும் நான் இப்படி இஸ்துகினு போயிருக்கணும். எய்ந்திரு.”

வருஷம் திரும்பியதும் அவள் எண்ணூர்ப் பக்கம் முகத்துவாரக்குப்பத்திலுள்ள தன் அம்மா வீட்டுக்குப் போய் மீன் விற்க ஆரம்பித்தாள். அங்கே யாரை நாய் கடித்தாலும், கூடையை இறக்கி வைத்துவிட்டு, கடைசி ஊசிவரை கூடவே ஆஸ்பத்திரிக்கு வருகிறாள் என்று கேள்விப்பட்டேன். என் பள்ளிக்கூடத்திலிருந்து அந்த வராந்தா அரைமணி நேரத் தூரம்தான். ஒருநாள்கூட நான் போய் அவளைப் பார்க்கவில்லை.