அப்பா பெயர் இல்லாத தங்கை

சவூதியில், தம்மாமில், என் கணவர் டூட்டிக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். இரண்டு வருடம் அப்படித்தான். நாட்டின் மறுகோடியில், யான்புவில் லாரி ஓட்டும் அண்ணன் லீவு போட்டு என்னைப் பார்க்க வந்திருந்ததால் அன்று மட்டும் பூட்டவில்லை. கணவர் தலை மறைந்ததும் ஒரே ஒரு பையோடு அண்ணனின் காரில் ஏறிவிட்டேன். எப்படியாவது யான்பு போய்விட வேண்டும். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ரியாத் தாண்டியபின் இரண்டு பக்கமும் மணலும், ஒட்டகம் வராமலிருக்கப் போட்ட கம்பிவேலியும்தான். வேலி முடியவே இல்லை. பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. மதியம் ஒரு சோதனைச்சாவடியில் நிறுத்தினார்கள். அந்த நாட்டில் அந்நிய ஆணும் பெண்ணும் ஒரே காரில் போய் மாட்டினால் ஜெயில்தான்.

போலீஸ்காரர் எங்கள் இருவரின் இக்காமாவையும், அதாவது வசிப்பு அனுமதிப் புத்தகத்தையும், புரட்டினார். அண்ணன் தனக்குத் தெரிந்த அரபியில் "உக்தி, உக்தி", என் தங்கை, என் தங்கை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் அண்ணன் பெயரோடு இருந்தது அப்பா பெயர். என் பெயரோடு இருந்தது கணவர் பெயர். கல்யாணமான சூட்டோடு, யாரும் கேட்காமலேயே, பாஸ்போர்ட்டில் அப்பாவைத் தூக்கிவிட்டு அவரைப் போட்டவள் நான்தான். ஊரில் இனிஷியல் மாற்றுகிற மாதிரி நினைத்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ஹஸ்பெண்ட் நம்பர்" என்றார் போலீஸ்காரர்.

"குடுக்காத புள்ள" என்று அண்ணன் முணுமுணுத்தார்.

"குடுக்கலேன்னா உன்னத் தூக்கி உள்ள வச்சிருவாங்கண்ணே."

கொடுத்தேன். என் கணவருக்கு நல்ல அரபி வரும். போலீஸ்காரர் அவரைப் போனில் கூப்பிட்டு ஏதோ கேட்டார், சிரித்தார், பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"உன் அண்ணன்தான்னு சொல்லிட்டேன். இல்லேன்னு சொல்லவும் எனக்குத் தெரியும்" என்றார் கணவர், சாந்தமாக. "எப்ப வர்றே?"

"ரெண்டு நாள்ல வந்துடுறேங்க."

யான்பு போய்ச் சேர்ந்தோம். என் விசா கணவர் பெயரில், பாஸ்போர்ட் அவர் பீரோவில். அவர் கையெழுத்தில்லாமல் ஊருக்கு விமானம் ஏறவும் முடியாது. தன் நண்பர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லிச் சொல்லி அண்ணன் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

மூன்றாம் நாள் அதே சாலையில் என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார். அதே சாவடி, அதே போலீஸ்காரர். எங்களை அடையாளம் தெரிந்துவிட்டது. இக்காமாகூடக் கேட்கவில்லை. "உக்தி!" என்று சிரித்துக்கொண்டே, போங்கள் போங்கள் என்று கையசைத்தார்.