தங்கமாரி திறந்து வைத்த தூக்குச்சட்டி

"எங்க அம்மா சுட்ட பணியாரம் கொண்டு வந்தா தின்பியா, சுப்பு?"

பத்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கமாரி தன் பிறந்தநாளுக்கு முன்னால் இப்படிக் கேட்டாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து அவள்தான் எனக்குக் கூட்டாளி. அவள் அம்மா பருத்தி எடுக்கப் போகிறவர். எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. அவர்கள் தெருவில் சமைத்ததை எங்கள் தெருவில் யாரும் தொடமாட்டார்கள். கடை மிட்டாய் என்றால் மட்டும் அவள் கையால் வாங்கித் தின்போம். அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நானும் அப்படித்தான் தின்றேன். யோசித்ததே இல்லை.

அந்த ஜூலையில் பானுப்பிரியா பிறந்தநாளுக்கு வீட்டிலிருந்து கேசரி கொண்டுவந்தாள். வகுப்பே வழித்துத் தின்றது. அதைப் பார்த்துத்தான் தங்கமாரிக்கு ஆசை வந்தது. பணியார விஷயம் வகுப்பாசிரியர் சங்கரபாண்டியன் சார் காதுக்குப் போனதும், இனிப் பிறந்தநாளுக்குப் பாக்கெட் மிட்டாய் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். யார் மனமும் நோகக் கூடாதாம்.

தங்கமாரி எழுந்தாள். "கேசரிக்கு நோகாத மனசு பணியாரத்துக்கு ஏன் சார் நோகுது?"

"வம்பு வேண்டாம்மா. நாளைக்கு ஊர்க்காரக வந்து என்னையத்தான் கேப்பாக."

பிறந்தநாளன்று கலர் உடுப்பில், தூக்குச்சட்டியோடு வந்தாள். சார் இருக்கும்போதே தன் மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள்.

"நான் யாருக்கும் குடுக்கல சார். திறந்து வச்சிருக்கேன். வேணும்ங்கிறவுக எடுத்துக்கிடட்டும்."

"எவன் எடுக்கான்னு பாப்போம்லே" என்றான் கடைசி பெஞ்சு காளீஸ்வரன்.

"பாத்துக்கிட்டே இரு" என்று சொல்லி ஒன்றை எடுத்து நின்றபடியே தின்றாள். வேறு யாரும் அசையவில்லை. வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் நான் சட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தேன். அப்புறம் பானுப்பிரியா வந்தாள். மொத்தம் பதினொரு பேர். மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டியை அவள் சாரிடம் நீட்டினாள்.

"எனக்குச் சுகரும்மா."

"காரப் பணியாரம்தான் சார்."

காளீஸ்வரன்கூடச் சிரித்துவிட்டான். சார் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு, பாடப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார்.

என் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தங்கமாரி இப்போது தினமும் எம்.ரெட்டியபட்டியிலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறாள். அங்கேயும் வீட்டுச் சாப்பாட்டை நடுவில் திறந்து வைத்துத்தான் சாப்பிடுகிறாளாம்.

உங்கள் பிள்ளைகளின் வகுப்பிலும் இப்படி ஒரு மிட்டாய்ச் சட்டம் இருந்தால், தங்கமாரி சாரிடம் கேட்டதை அங்கே போய்ச் சொல்லுங்கள். அவள் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். அவள் அதற்குப் பயப்படமாட்டாள்.